புலி பார்க்கப் பட்டுப் புடவை

"புலி பாக்கப் போறதுக்குப் பட்டுப் புடவை எதுக்கு மாமி?" என்று எதிர் பிளாட் மாமி வாசலில் நின்று அம்மாவைக் கேட்டாள். டிரங்குப் பெட்டி கூடத்தில் திறந்து கிடந்தது. மேலாக அக்காவின் அரக்குப் பட்டு. பக்கத்தில் ஒரு டப்பாவில் ரவை, ஒரு டப்பாவில் சர்க்கரை, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டிய நெய்ப் பாட்டில். காட்டுக்குப் போகிற யாருடைய பெட்டியும் இப்படி இருக்காது. "காட்டுக்குள்ள ஒரு கோவில் இருக்காம்" என்று அம்மா வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னாள். எதிர் பிளாட் மாமி பெட்டியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், "நல்லபடியாப் போயிட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயந்திரத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்திருக்கும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம் அது. பெண்ணைப் பிள்ளை இருக்கும் ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்க் காட்டுகிற வழக்கம் எங்களவர்களிடம் கிடையாது. பிள்ளை வீட்டார்தான் வரவேண்டும். வந்து, ஜமக்காளத்தில் உட்கார்ந்து, சொஜ்ஜி பஜ்ஜி தின்று, பெண்ணைப் பாடச் சொல்லிக் கேட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று கையைத் துடைத்துக்கொண்டு போகவேண்டும். நாமாகப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனால் மானம் கப்பலேறிவிடும். ஆகையால் நாங்கள் பெண்ணைக் காட்டப் போகவில்லை, புலி பார்க்கப் போகிறோம் என்று ஏற்பாடு. பம்பாய் மாட்டுங்காவில் தயிர் சாதம் தின்று வளர்ந்த குடும்பத்துக்குத் திடீரென்று புலி மேல் என்ன ஆசை என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்று அப்பாவும் மாமாவும் நம்பினார்கள். ஆண்கள் எதை வேண்டுமானாலும் நம்புவார்கள்.

அக்கா மூல நட்சத்திரம். மூலத்தில் பிறந்த பெண் வீட்டுக்கு வந்தால் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். ஜாதகத்தை விரித்து நட்சத்திரத்தைப் பார்த்த உடனே அதை மடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிறந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி வேறு ஜாதகம் எழுதிக்கொள்வது எங்கள் பக்கத்தில் பலர் செய்கிற காரியம்தான். அக்கா விஷயத்தில் அதற்கும் வழியில்லை. முன்னே தள்ளினால் கேட்டை, அது புருஷனுடைய அண்ணாவுக்கு ஆகாது. பின்னே தள்ளினால் பூராடம், அது புருஷனுக்கே ஆகாது. "போயும் போயும் நடுவுல வந்து பொறந்திருக்காளே" என்று அம்மா சொல்லும்போதெல்லாம், ஏதோ அக்கா வரிசையில் இடம் பார்த்து நின்றது போல இருக்கும்.

ஆக எங்களுக்கு வேண்டியது மாமனார் இல்லாத இடம். சொன்னால் வெட்கமாக இருக்கிறது, எங்கள் வீட்டில் சாவுச் செய்திகளைச் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்ட வருஷங்கள் உண்டு. செம்பூரிலிருந்து மாமா, அம்மாவின் தம்பி, ஞாயிற்றுக்கிழமை வருவார். செருப்பைக் கழற்றும்போதே "நல்ல இடம். அப்பா கிடையாது" என்பார். அம்மாவின் முகம் மலர்ந்துவிடும். "எப்பப் போனார்?" என்று ஆவலாகக் கேட்பாள். இதில் என்ன தப்பு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. எனக்கு மட்டும் தோன்றியதா என்றால், அந்த வயதில் எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அப்பா இல்லாத பிள்ளைகளும் வந்தார்கள். ஒருவனுக்கு அக்காவின் நிறம் போதவில்லை. ஒருவனுடைய அம்மாவுக்கு அக்கா கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக வேலை பார்ப்பது பிடிக்கவில்லை, ஒருவனுடைய அம்மாவுக்கு அந்தச் சம்பளம் போதவில்லை. ஒவ்வொரு தடவையும் அக்கா ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்து, முகம் கழுவி, அந்த அரக்குப் பட்டைக் கட்டி, விழுந்து நமஸ்காரம் செய்து எழுந்தாள். யாராவது அக்காவைப் பார்க்க வரும்போது என்னை எதிர் பிளாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கண் தங்கை மேல் போய்விடக்கூடாதென்று. அங்கே மாமி கொடுக்கும் காப்பியைக் குடித்துக்கொண்டு, எங்கள் வீட்டு வாசல் செருப்புகளை எண்ணிக்கொண்டிருப்பேன். கடைசியாக வந்தவர்கள் போன பிறகு அக்கா புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, இன்னும் ஒரே ஒரு தடவைதான். அதுக்கப்பறம் கடவுளே ஜாதகத்தோட வந்தாலும் நான் வந்து நிக்கமாட்டேன்."

அக்கா சொன்னால் சொன்னதுதான் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரே ஒரு தடவைக்காகத்தான் நாக்பூருக்குத் தெற்கே சாந்தா என்கிற ஊருக்குப் பக்கத்துக் காடு.

பிள்ளை காட்டிலாகாவில் ரேஞ்சர். பாலக்காட்டுக்காரர்கள், நாக்பூரில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்து படித்தவன். மாமாவின் ஆபீசில் வேலை பார்த்த ஒருவர் அந்தக் குடும்பத்துக்குப் பங்காளி முறை. அவர் சொல்லித்தான் விஷயம் வந்தது. தகப்பனார் போய்ப் பல வருஷமாகிவிட்டது, நாங்களே தீட்டுக் கழித்துத் தலைமுழுகினோம் என்று அவர் சொல்லியிருந்தார். அம்மா மட்டும் பிள்ளையோடு காட்டில் இருக்கிறாள். கோடையில் காட்டுத் தீக்கும் திருட்டு வேட்டைக்கும் காவல் இருக்க வேண்டியிருப்பதால் பிள்ளைக்கு லீவு கிடைக்காது. "ஜாதகத்தை முன்னாடி அனுப்பவேண்டாம். பொண்ணைப் பாக்கட்டும். மாமனாரே இல்லாத எடத்துல மூலமாவது மண்ணாவது, அப்பறம் சொல்லிக்கலாம்" என்றார் மாமா. பம்பாயிலிருந்து ஒரு குடும்பம் புலி பார்க்க வருகிறது, கூடக் கல்யாணத்துக்கு இருக்கிற பெண்ணும் வருகிறாள் என்று பங்காளி எழுதிப் போட்டார். எங்களவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

என்னை எங்கே விடுவதென்று பேச்சு வந்தது. காட்டில் எதிர் பிளாட் கிடையாது. கடைசியில் அழைத்துப் போனார்கள், தலையை அழுந்த வாரி எண்ணெய் வழிய விட்டு, இருக்கிற பாவாடைகளில் சாயம் போனதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லி. மாமாவும் வந்தார்.

வி.டி.யில் ஏறி, வார்தாவில் வண்டி மாறி, சாந்தாவில் இறங்கினோம். அடுப்பைத் திறந்ததுபோல வெயில் முகத்தில் அடித்தது. ரேஞ்சரின் ஜீப் ஸ்டேஷனுக்கு வந்திருந்தது, டிரைவர் மட்டும். தேக்கெல்லாம் இலை உதிர்ந்து மொட்டையாக நின்றது. அம்மா வழி முழுக்க அக்காவின் கலைந்த தலைமயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டே வந்தாள். மாமா "இதுல எங்க புலி ஒளிஞ்சுக்கும், ஓணானுக்கே நிழல் இல்லையே" என்று தமாஷ் பண்ணிக்கொண்டு வந்தார். அக்கா சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாக நினைவிருக்கிறது; அவள் அன்று நம்பிக்கையோடு இருந்தாள்.

ரேஞ்சர் குடியிருப்பு ஓட்டு வீடு. ஜீப் சத்தம் கேட்டு முதலில் அவன் வந்தான். உயரம், வெயிலில் கருத்த முகம், நல்ல மரியாதை. "வாங்கோ மாமா, வாங்கோ மாமி" என்று பெட்டியைத் தானே தூக்கினான். அவனுக்குப் பின்னால் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு அம்மாள் வந்தாள். ஒன்பது கஜம் கட்டியிருந்தாள். மூக்குத்தி, மஞ்சள் பூசின முகம், நெற்றி நிறையக் குங்குமம். கழுத்தில் தாலிச் சரடு பளிச்சென்று புதிதாக இருந்தது.

அப்பா திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமா டிரைவரைப் பார்த்தார். ஒருவேளை அத்தையாகவோ சித்தியாகவோ இருக்கலாம் என்று அம்மா ஒரு நொடி நினைத்திருக்கவேண்டும். "இவா..." என்று இழுத்தாள்.

"எங்கம்மாவாக்கும்" என்றான் அவன்.

எந்தப் பிரயாணத்திலும் எதிரே ஒரு சுமங்கலி வந்தால் நல்ல சகுனம் என்று பூரித்துப்போகிறவள் அம்மா. அன்று அந்த நெற்றியைப் பார்த்ததும் அவள் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று அந்த அம்மாள்தான் ஓடிவந்து தாங்கி உள்ளே அழைத்துப்போய் நீர்மோர் கொடுத்தாள். பம்பாயில் இத்தனை பேர் இத்தனை நாள் பேசியதில், அவள் எப்படி இருப்பாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. விதவையைப் பற்றி அப்படியெல்லாம் விசாரிப்பது அழகில்லை என்று விட்டுவிட்டார்கள். அந்த அழகுக்குக் கிடைத்த பலன் இது.

அவள் மறைக்கவுமில்லை. காப்பி கொடுத்துக்கொண்டே சொல்லிவிட்டாள். புருஷன் ஒரு நாள் கல்பாத்திப் புழைக்குக் குளிக்கப் போனவர் வரவில்லை. ஒரு வருஷம் கழித்து, ரிஷிகேசத்தில் காவி உடுத்தி இருப்பதைப் பார்த்ததாக யாரோ வந்து சொன்னார்கள். சன்னியாசம் வாங்கினவன் தனக்குத் தானே சிராத்தம் பண்ணிக்கொண்டவன், அவன் நமக்கு இல்லை என்று அவருடைய அண்ணா தம்பிகள் கூடிப் பேசித் தலை முழுகிவிட்டார்கள். "அவா குளிச்சா. நான் குளிக்கலை" என்றாள். "என் கண்ணால நான் ஒண்ணும் பாக்கலை, கேட்டேளா. இருக்கார்னுதான் வெச்சிண்டிருக்கேன். தினம் அவர் பேரைச் சொல்லித்தான் குங்குமம் இட்டுக்கறேன்." சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் டிகாஷன் விடட்டுமா என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா டம்ளரை நீட்டினார். வேறு என்ன செய்வார்!

எங்களுக்குக் கொடுத்திருந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பெரியவர்கள் மூவரும் கிசுகிசுவென்று சண்டை போட்டார்கள். மாமா சாஸ்திரம் பேசினார். சன்னியாசி செத்தவனுக்குச் சமானம், ஆகவே மாமனார் இல்லை, ஆகவே தோஷம் இல்லை. "அந்த நெத்தியைப் பாத்துட்டு இந்தச் சாஸ்திரத்தைச் சொல்லு போ" என்றார் அப்பா. ஒன்றும் சொல்லாமல் கல்யாணத்தை முடித்துவிடலாமா என்று அம்மா கேட்டாள். கேட்டுவிட்டு அவளே அழுதாள். உடனே கிளம்பிவிடலாம் என்றால் ஜீப் நாளை மறுநாள்தான் சாந்தாவுக்குப் போகும். அதற்குள் என்ன சாக்குச் சொல்வது? புலி பார்க்க வந்தவர்கள் புலி பார்க்காமல் போனால் அது எப்படி? அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "எனக்குத் தலை வலிக்கறது. எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

சாயந்திரம் ரேஞ்சர் வந்து, ஏரிக்கரை வரை போய் வரலாமா என்று கேட்டான். பெரியவர்களுக்கு எழுந்திருக்கவே திராணியில்லை. அக்காவும் நானும் போனோம். என்னைக் கண்ணில் படாமல் வைக்கவேண்டும் என்ற யோசனைகூட அம்மாவுக்கு விட்டுப்போய்விட்டது.

அவன் நல்லவன். அதுதான் எனக்கு ஆறவில்லை. வந்த பிள்ளைகளில் யாராவது ஒருவன் அக்காவிடம் நேராக ஒரு வார்த்தை பேசியிருப்பானா? இவன் ஈரமணலில் குந்தி உட்கார்ந்து புலித் தடத்தைக் காட்டினான். இது பெண்புலி, விரல் நீளமாக இருக்கிறது பாருங்கள் என்றான். புள்ளிமான் கத்துவதற்கும் மந்தி கத்துவதற்கும் என்ன வித்தியாசம் என்று சொன்னான். அக்கா கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். "இத்தனை கேக்கறேளே, ஆபீஸ்ல இதையெல்லாம் சுருக்கெழுத்துல எழுதி அனுப்பணுமா?" என்று அவன் கேட்க, அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டில் கேட்டிராத சிரிப்பு அது. முடிந்துபோன விஷயம் என்று தெரிந்தும் அவள் சிரித்தாள். எனக்குக் கல்லை எடுத்து அந்த ஏரியில் ஓங்கி எறியவேண்டும் போல ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலையில் அவன் அப்பாவிடம் வந்து, சாயந்திரம் புலி காட்டுவதாகச் சொன்னான். "சும்மா உக்காந்தா வராது மாமா. தண்ணிப் பக்கத்துல எருமைக் கன்னு ஒண்ணு கட்டச் சொல்லியிருக்கேன். பரண் மேல இருந்து பாக்கலாம்." பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட அந்தக் காலத்தில் அதுதான் வழி. அம்மா பதறிப்போனாள். "கன்னுக்குட்டியையா? எங்களுக்காகவா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகு எதற்காக வந்தீர்கள் என்ற கேள்வி வரும். அப்பா செருமினார், மேல்துண்டைச் சரி செய்துகொண்டார், "உங்களுக்கு எப்படிச் சௌகர்யமோ" என்றார். ஒரு கன்றுக்குட்டியின் உயிர் எங்கள் கௌரவத்துக்காகப் போயிற்று. யாருக்கும் பயனில்லாத கௌரவம்.

பட்டுப் புடவை பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. காட்டில் சிவப்பு கூடாது, மங்கலான நிறமாக உடுத்திக்கொள்ளுங்கள் என்று ரேஞ்சரே சொல்லிவிட்டான். அக்கா ஆபீசுக்குக் கட்டுகிற சாம்பல் நிற வாயில் புடவையில் ஜீப்பில் ஏறினாள். ரேஞ்சரின் அம்மாவும் ஒரு பையோடு வந்து ஏறிக்கொண்டாள். காலையிலிருந்து அக்காவைத் தன்னோடு வைத்துக்கொண்டு அரிவாள்மணையில் காய் நறுக்கச் சொல்லி, தலை பின்னிவிட்டு, ஒரே கொண்டாட்டமாக இருந்தாள். ஜீப்பில் அக்கா கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்பது குருடனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாதி வழியில், ஒரு மரத்தடியில் ஜீப் நின்றது. செந்தூரம் அப்பிய கல் ஒன்று இருந்தது, புலி மாதிரி செதுக்கினது. காட்டு ஜனங்களின் சாமி. இந்தச் சாமியைக் கும்பிடாமல் யாரும் உள்ளே போவதில்லை என்றான் ரேஞ்சர். அவனுடைய அம்மா பையிலிருந்து தேங்காயும் கற்பூரமும் எடுத்தாள். "எந்த சாமியானா என்ன, எல்லார் பேர்லயும் அர்ச்சனை பண்ணிடறேன். நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றாள். நம் கோவில்களில் கேட்பதுதானே. பேரும் நட்சத்திரமும் சொன்னால்தான் அர்ச்சனை சாமிக்குப் போய்ச் சேரும். காட்டுச் சாமியிடமும் அவள் அதை விடவில்லை.

அப்பா ரோகிணி என்றார். அம்மா உத்திரம். மாமா தன்னுடையதைச் சொன்னார், நான் என்னுடையதைச் சொன்னேன். எல்லாருடைய பேரையும் நட்சத்திரத்தையும் அவள் கல்லைப் பார்த்துக் கணீரென்று திருப்பிச் சொன்னாள். பிறகு அக்கா பக்கம் திரும்பிச் சிரித்தாள். அம்மா என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது.

"அவ அனுஷம்" என்றார் மாமா, சட்டென்று.

அனுஷத்துக்கு ஒரு குறையும் கிடையாது. நல்ல நட்சத்திரம். அந்த அம்மாள் "அனுஷ நட்சத்திரே" என்று ஆரம்பித்துவிட்டாள். அப்பா வாயைத் திறக்கவில்லை. அம்மா திறக்கவில்லை. நானும்தான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எல்லாம் நடந்துவிடும் போலிருந்தது.

"இல்லை மாமி" என்றாள் அக்கா. "நான் மூலம்."

தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் அப்படியே நின்றாள். ரேஞ்சர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான், அக்காவைப் பார்த்தான், பிறகு தன் அம்மாவைப் பார்த்தான். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு காலால் சருகைத் தள்ளினார். அந்த அம்மாள் மறுபடி கல்லைப் பார்த்துத் திரும்பி, அக்காவின் பேரைச் சொல்லி, "மூல நட்சத்திரே" என்று தெளிவாகச் சொல்லி, தேங்காயை உடைத்தாள். கற்பூரத்தை எல்லாருக்கும் காட்டினாள், அக்காவுக்கும் காட்டினாள். ஜீப்பில் ஏறினபோது முன் சீட்டில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பரணில் ஏற மூங்கில் ஏணி. எல்லாரையும் ஏற்றிவிட்டு ரேஞ்சர் கடைசியாக அக்காவுக்குக் கை கொடுத்தான். யாரும் பேசக்கூடாது, இருமக்கூடாது. பேச யாருக்கு என்ன இருந்தது? கீழே முளையில் கட்டின கன்று காய்ந்த புல்லை முகர்ந்து பார்த்து, வேண்டாமென்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. எங்கோ ஒரு மான் கத்தியது. கன்று தலையை நிமிர்த்திக்கொண்டது.

புலி வந்தது. எந்தச் சத்தமும் இல்லை. ஒரு நிமிஷம் முன்னால் இல்லை, இப்போது புதர் ஓரத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். நான் நினைத்ததைவிட ஒல்லி. முன்கால் ஒன்றைப் பதனமாக வைத்தது; பக்கத்துக் காட்டில் வேட்டைக்காரன் எவனோ சுட்ட குண்டு உள்ளே இருக்கிறது என்று பிறகு ரேஞ்சர் சொன்னான். நடந்து வந்தது. கன்று ஒரே ஒரு தடவை "ம்மா" என்றது. அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அந்த அம்மாள் கண்ணை இறுக மூடி, தாலியைக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். யாருக்காக வேண்டிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். எங்கேயோ இருக்கிற, அல்லது இல்லாத, ஒரு காவி வேஷ்டிக்காரருக்காக.

அக்கா மட்டும் முழுக்கப் பார்த்தாள். கண்ணைத் திருப்பவே இல்லை. ரேஞ்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் கிளம்பும்போது அந்த அம்மாள் அம்மாவுக்கும் அக்காவுக்கும் எனக்கும் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தாள். அக்காவுக்குக் கொடுக்கும்போது சொன்னாள்: "உன்னை மாதிரி ஒருத்தி எனக்குக் கிடைக்கப்போறதில்லை கொழந்தை. நீ பொய் சொல்லியிருந்தா நான் சந்தோஷமா ஏமாந்திருப்பேன். சொல்லிட்டே. அவர் எங்கேயோ இருக்கார். அவருக்கு என்னால ஒண்ணு ஆச்சுன்னு வரப்படாது." அக்கா விழுந்து நமஸ்காரம் செய்தாள். ரேஞ்சர் ஜீப்பின் பக்கத்தில் நின்றான். ஒரு வார்த்தை சொல்வான் என்று நான் சாந்தா ஸ்டேஷன் வரைக்கும் எதிர்பார்த்தேன். தடத்தை வைத்தே புலி இருக்கிற இடம் சொல்கிறவன், அம்மாவுக்கு எதிரே வாயைத் திறக்கவில்லை. நல்லவன்தான், யார் இல்லையென்றார்கள்? நல்லவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ரயிலில் மாமா ஒருமுறை, "நீ ஒரு நிமிஷம் வாயை மூடிண்டிருந்தா..." என்று ஆரம்பித்தார். "மாமா, அவா அந்தக் கல்லு முன்னாடி என் பேரைச் சொல்லிண்டிருந்தா" என்றாள் அக்கா. அம்மா ரவை டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தாள்.

மாட்டுங்காவில் எல்லாரும் புலி பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்த்தோம் என்றோம். அப்பா அதை ஒரு கதையாகச் சொல்லப் பழகிக்கொண்டார். சொல்லச் சொல்லப் புலி பெரிதாகிக்கொண்டே போயிற்று. எதிர் பிளாட் மாமி வேறு எதுவும் கேட்கவில்லை, அந்த வரைக்கும் நல்லவள். அக்கா சொன்னபடியே அதற்குப் பிறகு யார் முன்னாலும் வந்து நிற்கவில்லை. அம்மா அழுதாள், பட்டினி கிடந்தாள், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருஷமோ அதற்கு அடுத்த வருஷமோ, ரேஞ்சருக்கு ஒரு திருச்சூர்ப் பெண்ணோடு கல்யாணம் ஆகிவிட்டதாக மாமா வந்து சொன்னார். அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "சந்தோஷம்" என்று சொல்லி மோர் கேட்டாள். அக்காவுக்கு ஆகாவிட்டால் போகிறது என்று எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு எந்தத் தோஷமும் இல்லை. முதல் இடத்திலேயே முடிந்துவிட்டது. கல்யாணத்தில் அக்கா ஓடியாடி எல்லா வேலையும் செய்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, ஆபீசுக்குக் கிளம்பின அக்காவோடு மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு நடந்தேன். பாலத்துப் படியில் ஒரு காவிக் கிழவர் உட்கார்ந்திருந்தார். நாசிக் போகிற சாமியார்கள் அடிக்கடி அப்படி உட்கார்ந்திருப்பார்கள். அக்கா நின்றாள். காசு போடப்போகிறாள் என்று நினைத்தேன். குனிந்து, "எந்த ஊர் சாமி? பாலக்காடா?" என்று தமிழில் கேட்டாள். கிழவருக்குப் புரியவில்லை, தெலுங்கில் ஏதோ சொன்னார். அக்கா ஹிந்தியில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படியிறங்கினாள். அவள் இதைப் புதிதாகச் செய்யவில்லை என்று அந்தக் கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"எதுக்கு அக்கா?" என்றேன். "அவனுக்குத்தான் கல்யாணம் ஆயாச்சே. இனிமே அந்தப் பெரியவர் இருந்தா என்ன, போனா என்ன?"

"இருந்தார்னா நல்லதுடி" என்றாள். "அவருக்காக நான் விட்டேன்னு இருக்கும்." பிளாட்பாரத்தில் கூட்டத்துக்குள் வழி பண்ணிக்கொண்டு நடந்தாள். லேடீஸ் கம்பார்ட்மெண்ட் வருகிற இடத்தில் போய் நின்றுகொண்டாள். "நாம அங்க போறதுக்கு முன்னாடியே, எங்கயாவது ஒரு ஆத்தங்கரைல, அவர் செத்துப்போயிருந்தா? யாருடி வந்து சொல்லியிருப்பா அந்த மாமிகிட்ட?"

நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். பவுடர் திட்டுத் திட்டாகப் பூசியிருந்தது. அதற்குள் ஸ்லோ வண்டி வந்துவிட்டது. பைக்குள் டிபன் டப்பாவை அமுக்கிக்கொண்டு, கூட்டத்தை இடித்துத் தள்ளி அக்கா ஏறிவிட்டாள். வண்டி போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். வந்த அடுத்த வண்டியிலும் ஏறவில்லை.